ஆள் வருது, படுத்துக்குங்க

ஜன. 26, ஞாயிறு

எட்டு மணி வரை பனி. எதிரே இருக்கும் பள்ளியில் கொடியேற்றம், ஆறரைக்கே ஒலிபெருக்கி. விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன். நாலு தாளுக்கு மேல் ஓடவில்லை.

இன்றைக்கு:
- மா. 4க்கு அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்க்க
- பழைய ஸ்கேன், எக்ஸ்ரே உறை (அண்ணி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். நம்பக்கூடாது)
- போர்வை 2, பிளாஸ்க், செல்போன் சார்ஜர்
- துறைத் தலைவருக்கு விடுப்புக் கடிதம்

அண்ணனுக்கு ஐம்பத்தைந்து. பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் விவசாயம். முப்பது வருடச் சிகரெட். வலது நுரையீரலில் காற்றுக் கொப்புளம், தீபாவளிக்குப் பிறகு இரண்டு முறை உடைந்து நுரையீரல் சுருங்கிவிட்டது. நாளை துளை வழியாக அதை அகற்றுகிறார்கள். இந்த ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். சீக்கிரம் எழுப்பி, சீக்கிரம் சாப்பிட வைத்து, சீக்கிரம் நடக்க வைத்து, மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்புவது. சுவரில் போஸ்டர். கைகால் முளைத்த நுரையீரல் ஒன்று பல் தெரியச் சிரிக்கிறது. பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

ஒரு மாதம் முன்பே ஆயத்தம் சொல்லியிருந்தார்கள். சிகரெட்டை விட வேண்டும், தினம் அரை மணி நடக்க வேண்டும், மூன்று பந்துக் கருவியில் மூச்சை உள்ளே இழுத்துப் பழக வேண்டும். சிகரெட்டை உண்மையாகவே விட்டுவிட்டார். பயம். நடை, வயலுக்குப் போகிற கணக்கில் தானாக நடந்தது. பந்துக் கருவி மட்டும் இன்று அண்ணி பையிலிருந்து வெளியே வந்தது, பெட்டி பிரிக்காமல். பெட்டிமேல் சந்தனப் பொட்டு.

"சாமி அலமாரில வச்சிருந்தேன் சுமதி. புதுசு, கை பட்டு ஒடைஞ்சிடக் கூடாது பாரு."

பெட்டியை நானே பிரித்தேன். பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது.

திட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் சிஸ்டர் பாத்திமா. நாகூர்ப் பக்கம். முப்பது வயது இருக்கும், வேக நடை. இரவு ஒரு பாட்டில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, காலை ஆறு மணிக்குள் இன்னொன்று குடிக்கச் சொன்னார். அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஆபரேஷனுக்கு முன்னால பச்சத்தண்ணி படக்கூடாதும்பாங்களே பாப்பா!"

"அது பழைய கதைம்மா. பட்டினியா போனா ஒடம்பு சோந்துடும். கலங்காத தண்ணிதான், ரெண்டு மணி நேரத்துல வயித்த விட்டுப் போயிடும். பால் மட்டும் கூடாது."

"எங்க மாமாவுக்கு ராத்திரியெல்லாம் நாக்கு ஒட்டிக் கெடந்துச்சு, சொட்டுத் தண்ணி தரல."

"அதான் சொல்றேன், பழைய கதை."

என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "நீயே பாத்துக்க" என்றார். இருபத்து மூன்று வருடமாக அதே வாசகம்.

ஜன. 27, திங்கள்

ஆறுக்குச் சர்க்கரைத் தண்ணீர். எட்டரைக்கு உள்ளே. பதினொன்றேகாலுக்கு டாக்டர் வெளியே வந்தார். நல்லபடியாக முடிந்தது, மூன்று சின்னத் துளைதான், விலா நரம்புக்கு மரத்துப்போகும் ஊசி போட்டிருக்கிறது, அதிகம் வலிக்காது. அண்ணி கும்பிட்டார். எனக்குக் கண் கலங்கியது. பிளாஸ்க்கைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

விலாவிலிருந்து ஒரு குழாய், கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் பெட்டிக்குப் போகிறது. உள்ளே கொஞ்சம் தண்ணீர். குழாயின் நுனி தண்ணீருக்குள். இருமினால் குமிழி வருகிறது. நெஞ்சுக்குள் கசிந்த காற்று வெளியே போகலாம், வெளிக் காற்று உள்ளே திரும்ப முடியாது. எட்டாம் வகுப்புப் பாடம். இருபத்தைந்து வருடம் இயற்பியல் நடத்தி, இவ்வளவு எளிமையான, இவ்வளவு முக்கியமான ஒன்றை இன்றுதான் பக்கத்தில் பார்க்கிறேன். குமிழி நின்றால் குழாயை எடுப்பார்கள்.

மா. 5. சிஸ்டர் பாத்திமா வந்து, "ஐயா, எந்திரிச்சு உக்காருங்க" என்றார்.

அண்ணி குறுக்கே போய் நின்றுவிட்டார். "பச்ச ஒடம்பு பாப்பா! காலைலதான அறுத்தீங்க!"

"அறுத்ததாலதாம்மா ஒக்கார வக்கிறேன். படுத்தே கெடந்தா சளி அடில போய்த் தங்கிடும். நுரையீரல் விரியாது. அப்பறம் காய்ச்சல், நிமோனியா."

உட்கார்ந்தார். எழுந்தார். கதவு வரை ஆறு தப்படி. திரும்ப ஆறு. முகம் சுண்டிவிட்டது, ஆனால் விழவில்லை. இரவு இட்லி இரண்டு.

கட்டில் தலைமாட்டில் ஓர் அட்டை மாட்டியிருக்கிறார்கள். நாளொன்றுக்கு நான்கு நடை, எட்டு முறை பந்து, மூன்று வேளையும் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பாடு. ஒவ்வொன்றுக்கும் கட்டம். கூட இருப்பவர்களே டிக் போடவேண்டும்.

எனக்குத் தோன்றியதை எழுதிவைக்கிறேன். கட்டில் சீக்கிரம் காலியாக வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு சிரிக்கிற நுரையீரல்.

ஜன. 28, செவ்வாய்

வானம் மூட்டம். ஊரில் அறுப்பு நெருங்குகிறது, மழை வந்தால் போச்சு. அண்ணன் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி வானம் பற்றித்தான்.

காலை எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதாம். தாழ்வாரத்தில் ஒரு நடை போனார், பெட்டியைத் தூக்குச்சட்டிபோல் பிடித்துக்கொண்டு. நானும் கூடப் போனேன்.

பிறகு ஆள் வர ஆரம்பித்தது.

பத்து மணிக்குப் பக்கத்து வயல்காரர், மனைவியோடு. பத்தரைக்குக் கூட்டுறவுச் சங்கத்து ஆட்கள் மூன்று பேர். பதினொன்றரைக்கு ஒரு வேன், எங்கள் சித்தப்பா தலைமையில் ஒன்பது பேர். ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஆப்பிள், சாத்துக்குடி, ஹார்லிக்ஸ்.

அண்ணி கதவோரம் நின்று தாழ்வாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். லிப்ட் திறந்ததும், "ஆள் வருது, படுத்துக்குங்க." நாற்காலியில் இருப்பவர் உடனே கட்டிலில். தலையணை எடுத்து மல்லாக்க. போர்வை கழுத்து வரை. குரல்கூட மாறிவிடுகிறது. என்னிடம் உர ஏஜெண்டைத் திட்டிக்கொண்டிருந்த மனிதர், "வாங்க சித்தப்பா… இருக்கேன்…" என்று கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறார்.

மத்தியானம் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"எதுக்கண்ணே இந்த நாடகம்?"

"நாடகமா? அறுப்பு வேலைய விட்டுட்டு வேன் புடிச்சு வர்றாங்க. வந்தவன் முன்னால கைய வீசிட்டு நடந்தா, இவனுக்கா ஆபரேஷன்னு போற வழியெல்லாம் பேசிட்டுப் போவான்."

"பேசட்டுமே."

"நீ டவுன்ல இருக்க. நான் அங்க இருக்கணும்."

அண்ணி வேறு. "வந்தவங்களுக்கு ஒரு மரியாத வேணாமா? சீக்காளின்னு பாக்க வந்தா சீக்காளியா இருக்கணும்."

மரியாதை. வருகிறவர் மனம் நிறைய வேண்டும் என்பதற்காக நோயாளி படுத்துக்கொடுக்கிறார். இதை எந்தப் போஸ்டரில் போடுவார்கள்?

வேன் போனதும் ஒரு தூக்கம். எழுந்ததும் அடுத்த ஆள். நடை நின்றுவிட்டது. பந்துக் கருவி ஆப்பிள் பைக்குப் பின்னால்.

மா. 6 மணிக்கு அட்டையைப் பார்த்தேன். எல்லாக் கட்டத்திலும் டிக். நடை நான்கு, பந்து எட்டு, சாப்பாடு மூன்று. எல்லாம் ஒரே பச்சை மை, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். பச்சைப் பேனா என்னுடையது. தேர்வு அறையில் இப்படி ஒரு தாளைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவேன், ஒரே உட்காரலில் போட்டது என்று.

"அண்ணி, இது எப்ப போட்டது?"

"காலைலயே போட்டுட்டேன். அப்பறம் ஆள் வந்தா மறந்துடும். அந்தப் பொண்ணு வந்து, என்னம்மா போடலியான்னு மூஞ்சி வாடிப்போவுது. பாவம், அதுக்கும் மேல எடத்துல கேப்பாங்கல்ல."

ஆக, சிஸ்டரின் முகம் வாடக்கூடாது என்பதற்காக.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அட்டையே ஒரு சம்பிரதாயம், அதில் எது இருந்தால் என்ன என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

ஜன. 29, புதன்

தூறல். குடை வீட்டில்.

விடியற்காலை அண்ணனுக்கு 101 காய்ச்சல். மூச்சு மேலோட்டமாக, வேகமாக. விரலில் மாட்டுகிற கருவியில் ஆக்சிஜன் எண் 91. இருமச் சொன்னால் விலாவைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிறுத்திவிடுகிறார். பெட்டியில் குமிழி இன்னும் வருகிறது.

எக்ஸ்ரேயை டாக்டர் ஜன்னலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். நேற்றுக் கறுப்பாக இருந்த வலது அடிப்பாகம் இன்று சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை. அந்தப் பகுதி காற்றில்லாமல் ஒட்டிக் கிடக்கிறது. நுரையீரல் விரிந்து நெஞ்சுச் சுவரோடு படிந்தால்தான் கசிவு அடையும். விரியவில்லை.

பிறகு அட்டையை எடுத்துப் பார்த்தார். நான் பயந்தது அதற்குத்தான்.

"நடை சரியா இருக்கு, மூச்சுப் பயிற்சி சரியா இருக்கு. இவ்ளோ பண்ணியும் விரியலன்னா வேற ஏதோ அடைப்பு. இன்னிக்கு சாயங்காலம் மயக்கம் குடுத்து வாய் வழியா குழாய் விட்டுப் பாத்துடலாம். கசிவும் நிக்கலன்னா திரும்ப உள்ள போக வேண்டி வரும். இந்தத் தடவ துளைல முடியாம போகலாம், விலாவத் தொறக்கறாப்ல இருக்கும்."

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். அண்ணனும் வாய் திறக்கவில்லை, அண்ணியும் திறக்கவில்லை. டாக்டர் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

தாழ்வாரக் கோடியில் கை கழுவும் இடத்தில் சிஸ்டர் பாத்திமாவைப் பிடித்தேன்.

"சிஸ்டர், அந்த அட்டை பொய். நேத்து ஒரே ஒரு நடைதான். பந்து ரெண்டு தடவ இருக்கும். நாள் பூரா படுத்துத்தான் கெடந்தாரு. எனக்கு நேத்து சாயங்காலமே தெரியும்."

தண்ணீரை நிறுத்திவிட்டுத் திரும்பினார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் தேவலை.

"நீங்க காலேஜ்ல பாடம் எடுக்கறீங்கதான மேடம்?"

"ஆமா."

"அம்மா டிக் போட்டது எனக்குப் புரியுது. அவங்க எனக்காகப் போட்டாங்க. நீங்க ஏன் சொல்லல?"

என்னிடம் இருந்த பதில் சொல்லக்கூடியதாக இல்லை.

டாக்டரிடம் அவரே போய்ப் பேசினார். வந்து சொன்னது: குழாய் விடுவதை நாளை மாலைக்குத் தள்ளியிருக்கிறார்கள். ஆன்டிபயாடிக் ஊசி, சளி இளக ஆவி மருந்து. நாளைக்குள் சளி வெளியே வந்து, வெள்ளிக்கிழமை எக்ஸ்ரேயில் அடிப்பாகம் விரிந்தால் தப்பித்தோம்.

பழைய அட்டையைக் கழற்றிப் புது அட்டை மாட்டினார். என் கையில் பேனாவைக் கொடுக்கவில்லை. தானே பையில் வைத்துக்கொண்டார்.

தலையணையை விலாவோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமக் கற்றுக்கொடுத்தார். அண்ணன் முயன்றார். மேலே வரவில்லை. இரண்டு நடை. இரண்டும் மெதுவாக, சுவரைத் தடவிக்கொண்டு. பந்து ஒன்று மட்டும் பாதி உயரம் எழும்பி விழுந்தது. மற்ற இரண்டும் அசையவில்லை.

ஆள் வர வேண்டாம் என்று ஊருக்குச் சொல்லிவிடலாம் என்றேன். அண்ணி அழுதுகொண்டே, "மூஞ்சி பாக்கக்கூட விடலன்னு ஆயுசுக்கும் பேசுவாங்க சுமதி" என்றார். இந்த நிலையிலும்.

விடைத்தாள் மீதி 36. தொடவில்லை.

ஜன. 30, வியாழன்

வெயில். நல்ல வேளை.

காய்ச்சல் 100. இருமல் வறட்டு இருமலாகவே இருக்கிறது. கா. 7 நடை ஒன்று. 9 மணிக்கு அடுத்தது. பாதியில் திரும்பிவிட்டார். "சாயங்காலத்துக்குள்ள சளி வரணும்யா" என்று சிஸ்டர் மூன்று முறை சொல்லிவிட்டார்.

பதினொன்றுக்கு அண்ணி கதவோரத்திலிருந்து: "சித்தப்பா வேன் வந்துடுச்சு. படுத்துக்…" என்று ஆரம்பித்து என்னைப் பார்த்து நிறுத்தினார். அண்ணன் அதற்குள் போர்வையை இழுத்துவிட்டார்.

நான் வெளியே போனேன். லிப்ட் வாசலிலேயே அவர்களை மறித்து நின்றேன். உறவுக்காரர்கள் முன்னால் குரல் உயர்த்தியதாக எனக்கு நினைவே இல்லை. கல்யாண வீடுகளில் பின்வரிசை நாற்காலி தேடுகிறவள் நான்.

"சித்தப்பா, அவரு படுத்திருந்தா நுரையீரல் ஒட்டிக்குது. உங்களப் பாத்தா படுத்துக்கறாரு. செவ்வாக்கெழம பூரா அப்டித்தான். சளி கட்டிக் காய்ச்சல் வந்துடுச்சு. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள வெளிய வரலன்னா திரும்ப அறுக்க வேண்டி வரலாம்னு சொல்றாங்க."

சித்தப்பாவுக்கு எழுபத்தெட்டு. தோள் துண்டை எடுத்து மறு தோளில் போட்டார்.

"அப்ப நாங்கதான் அவனப் படுக்கப் போட்டோமா?"

வேனில் வந்த ஓர் அம்மாள் ஆப்பிள் பையைக் கை மாற்றிக்கொண்டார்.

சித்தப்பா என்னைத் தாண்டி உள்ளே போனார்.

"டேய், எந்திரி."

"வாங்க சித்தப்பா… இருக்கேன்…"

"இருக்கறது தெரியுது. எந்திரிடா. நடந்துகிட்டே பேசுவோம். மோட்டார் கொட்டாய்க்குப் போற மாதிரி நெனச்சுக்க."

எழுந்தார். வேறு வழியில்லை, பெரியவர் சொல்லிவிட்டார். ஒரு கையில் பெட்டி, மறு கையில் தலையணை. பக்கத்தில் சித்தப்பா. பின்னால் எட்டுப் பேர், அவர்களுக்குப் பின்னால் அண்ணி, கடைசியில் நான். பெண் அழைப்பு மாதிரி. பக்கத்து அறைகளில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிஸ்டர் பாத்திமா மருந்து வண்டியை ஓரம் கட்டி வழிவிட்டார்.

முதல் சுற்று, அறுப்பு மிஷின் எப்போது வரும் என்பது பற்றி. இரண்டாவது, நெல்லில் ஈரம் எவ்வளவு, கொள்முதலில் எடுப்பார்களா. அண்ணன் குரல் கிணற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. மூன்றாவது சுற்றில் தாழ்வாரக் கோடியில் சித்தப்பா சாதாரணமாகச் சொன்னார்:

"ஒன் கெழக்குத் துண்டுலதான் மிஷின் எறங்காது போல. எவனோ மேல மடையத் தொறந்து வுட்டுட்டான். கணுக்கால் தண்ணி நிக்குது."

"என்னாது?"

"கணுக்கால் தண்ணிடா."

"எவன் தொறந்தான்? அறுப்பு நேரத்துல எவன் தொற…"

அதற்கு மேல் வரவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. அடிவயிற்றிலிருந்து வந்த இருமல். முகம் கறுத்து, கண் பிதுங்கி, தலையணையை விலாவில் அழுத்திக்கொண்டு வளைந்துவிட்டார். அண்ணி "அய்யோ" என்று ஓடினார். சிஸ்டர் கிண்ணத்தோடு அவருக்கு முன்னால் ஓடினார். "நிறுத்தாதீங்கய்யா, இன்னும், இன்னும்!"

வந்தது. கட்டியாக, பழுப்பாக, விரல் நீளம். நான் பார்த்தேன். வேன்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். கோயில் தேர் நிலைக்கு வந்ததுபோல் ஒரு முணுமுணுப்பு.

அண்ணன் நிமிர்ந்து முதலில் கேட்டது: "எவன்னு சொல்லுங்க சித்தப்பா."

"எவனும் இல்லடா. வயல் காஞ்சுதான் கெடக்கு. ஒன்ன ஒரு கத்து கத்த வக்கலாம்னு பாத்தேன்."

சிஸ்டர் பாத்திமா சிரித்ததை இன்றுதான் பார்த்தேன். "ஐயா, நாளைக்கும் வாங்க" என்றார்.

பிற்பகலில் இன்னும் இருமுறை சளி வந்தது. மா. 5க்கு எண் 95. வாய் வழிக் குழாய் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளை எக்ஸ்ரே பார்த்து மற்றது.

அந்த நடைக்கான கட்டத்தில் டிக் போடச் சிஸ்டர் பேனாவை என்னிடம் நீட்டினார். போட்டேன். ஒரு பொய்யால் கெட்டது இன்னொரு பொய்யால் சரியானதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியவில்லை.

ஜன. 31, வெள்ளி

எக்ஸ்ரே: அடிப்பாகம் கறுப்பு. முழுக்க இல்லை, ஓரத்தில் ஒரு கோடு போல வெள்ளை. போதும் என்றார் டாக்டர். காய்ச்சல் இல்லை.

காலையிலிருந்து பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருமச் சொன்னேன். குமிழி இல்லை. மறுபடி. இல்லை. தண்ணீர் மட்டும் மூச்சோடு மெல்ல ஏறி இறங்குகிறது. இவ்வளவு நேரம் ஒரு தண்ணீர் மட்டத்தை எந்தச் சோதனைக்கூடத்திலும் நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

மா. 3க்குக் குழாயை எடுத்தார்கள். அண்ணன், "அவ்ளோதானா?" என்றார்.

பந்து: இரண்டு மேலே வரை. மூன்றாவது துடிக்கிறது.

சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். "உங்க திட்டம் நல்ல திட்டம்" என்று வந்தது வாயில். "என் திட்டம் இல்ல மேடம். யார் திட்டமானாலும் செஞ்சாத்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போஸ்டரை இன்றும் பிடிக்கவில்லை.

பிப். 1, சனி

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் என்றது ஐந்தாம் நாளானது. அந்த இரண்டு நாள் எங்களுடையது.

வீட்டுக்கும் ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள், இரண்டு வாரத்துக்கு. ஆப்பிள் மொத்தம் பதினேழு கிலோ இருக்கும். பாதியை வார்டு ஆயாக்களிடம் கொடுத்தோம். காரில் ஏறும்போது அண்ணி பந்துக் கருவியை மடியில் வைத்துக்கொண்டார். சாமி அலமாரியில் வைக்கக் கூடாது என்றேன். "தெரியும்" என்றார், கொஞ்சம் வெடுக்கென்று.

விடைத்தாள் 36.

பிப். 3, திங்கள்

கல்லூரி. துறைத் தலைவர், "அண்ணன் எப்படி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு முன்பே மதிப்பெண் பட்டியல் கேட்டார். விடைத்தாள் மீதி 11.

மா. 4.30. பஸ்ஸுக்கு நிற்கும்போது அண்ணியிடமிருந்து போன்.

"சுமதி, காலைல ரெண்டு நடை ஆச்சு. வாய்க்கா வரைக்கும் போய்ட்டு வந்தாரு. ஆனா மத்தியானம் ஒண்ணு நடக்கல. சம்பந்தி வீட்டுக்காரங்க வந்துட்டாங்க."

"படுத்துக்கிட்டாரா?"

"சம்பந்தியாச்சே. அரை மணி நேரம்தான். இப்ப எந்திரிச்சு நடந்துகிட்டிருக்காரு. இது சாயங்காலக் கணக்கு. மத்தியானக் கட்டத்துல என்னா போடறது?"

"ஒண்ணும் போடாதீங்க அண்ணி."

"காலியாவா வுடச் சொல்ற?"

"காலியாத்தான்."

"அந்தப் பொண்ணு பாத்தா மூஞ்சி வாடிப்போவுமே" என்றார். பிறகு, "சரி, வாடட்டும்."